பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்த பிறகு: பிளாட்டில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

#1 வாசுகி_பிளாட் (கோலாலம்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜாலான் பூச்சோங் பக்கம் ஒரு பிபிஆர் (அரசாங்கக் குறைந்த விலை வீடமைப்பு) பிளாட்டில் குடியிருக்கிறேன். எங்கள் புளோக்கில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழ் மாடியில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான். ஆஸ்பத்திரியில் புருஷன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக ரவாங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நம் வழக்கம் அதுதானே. இங்கே கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) வந்து கதவைத் தட்டினார், பூட்டிக் கிடந்தது, அக்கம்பக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டார். அங்கே பிள்ளைக்கு மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. "எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்" என்று பாட்டி தினமும் காலை வெயிலில் காட்டியிருக்கிறார். ஐந்தாம் நாள் பிள்ளை பாலுக்கே எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாலும் லேசாக முனகிவிட்டுத் தூங்கிவிட்டதாம். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், நீல விளக்கில் வைத்தார்கள். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறது. ஆனால் மஞ்சள் அளவு மிக அதிகமாக இருந்ததால் காது சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் மாடியிலேயே திருச்சியிலிருந்து கல்யாணம் கட்டி வந்த பெண் ஒருத்தி. ஏழு மாதம். இதுவரை ஒரு செக்-அப் போகவில்லை, கையில் பிங்க் புக் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) இல்லை. புருஷன் லாரி அட்டெண்டென்ட். "வெளிநாட்டு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு மலாய் தெரியாது.

அரசாங்கத்தில் கிளினிக் இருக்கிறது, மிஸ்ஸி இருக்கிறார், ஆஸ்பத்திரி இருக்கிறது. இவர்களுக்கும் நம் வீட்டுக் கதவுக்கும் நடுவில் ஆள் இல்லை. ஒவ்வொரு புளோக்கிலும் விவரம் தெரிந்த ஒன்றிரண்டு பெண்கள் அந்த இடத்தில் நிற்க முடியும் என்று நான் நம்புகிறேன். நான் செவிலியர் இல்லை, ஒரு நாற்சரியில் வேலை பார்க்கிறேன். இது சரியா? எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

#2 நிபோங்திபால்_மிஸ்ஸி (பினாங்கு)

வாசுகி, நான் ஜுருராவாட் மஷாராகாட்டா, அதாவது சமூக நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ. செபராங் பிறை செலாத்தான்ல மோட்டார்லயே சுத்தினவ. செம்பனைத் தோட்டம், நெல்லு வயல், அப்புறம் புதுசா வந்த தாமான் வீடுங்கன்னு எல்லா வீட்டுப் படியும் ஏறியிருக்கேன்.

மொதல்ல அந்த முகவரி விஷயத்தச் சொல்றேன், ஏன்னா இது நம்ம தமிழ்க் குடும்பத்துல வந்துகிட்டே இருக்கற விஷயம். ஆஸ்பத்திரி, நீங்க எழுதிக் குடுத்த முகவரிக்குப் பக்கத்துல இருக்கற கிளினிக்குக்குத்தான் தகவல் குடுக்கும். பத்தியம் காக்க அம்மா வீட்டுக்குப் போறதா இருந்தா மாசம் நெருங்கறப்பவே செக்-அப்ல சொல்லிடணும், பிங்க் புக்குல அம்மா வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதி வைக்கணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு மறுபடி ஒரு தடவ சொல்லணும். அப்படியும் நம்பாதீங்க. போய்ச் சேர்ந்த மறுநாளே வீட்டு ஆம்பள ஒருத்தர் பிங்க் புக்க எடுத்துக்கிட்டு அந்த ஊர் கிளினிக்குக்குப் போய், "பிள்ளை பெத்தவ இங்க இருக்கா"ன்னு சொல்லிட்டு வரட்டும். அரை மணி நேர வேலை.

மிஸ்ஸி வந்து என்ன பார்ப்பாங்கன்னு பல பேருக்குத் தெரியாது. பிள்ளையத் தூக்கி எடை பார்த்துட்டுப் போறதா நெனைக்கறாங்க. தாய்க்கு ரத்த அழுத்தம், காய்ச்சல், கர்ப்பப்பை எவ்வளவு இறங்கியிருக்கு, உதிரப்போக்கு நிறம் வாடை, தையல், மார்பு, கெண்டைக்கால்ல வீக்கம் வலி. பிள்ளைக்குத் தொப்புள், எடை, மூச்சு, பால் குடிக்கிறது, எத்தன நாப்கின் நனையுது, நிறம். மொத நாலு நாள்தான் முக்கியம், அப்புறம் விட்டு விட்டு வருவாங்க. டவுன்ல ஆள் பத்தாதப்போ "பிள்ளையக் கிளினிக்குக்குக் கொண்டு வாங்க"ன்னு சொல்லிடுவாங்க. சொன்னா போயிடணும்.

மஞ்சள் பார்க்கறது இப்படித்தான். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல பிள்ளையக் கிடத்தி, மூக்கு நுனியையும் நெஞ்சையும் கட்டைவிரலால லேசா அழுத்தி எடுங்க. விரல் எடுத்த இடம் ஒரு நொடி என்ன நிறமா தெரியுதுன்னு பாருங்க. மஞ்சள் முகத்துல ஆரம்பிச்சுக் கீழ எறங்கும். வயித்தத் தாண்டிக் காலுக்கு வந்துட்டா ரொம்ப ஏறிடுச்சுன்னு அர்த்தம். நம்ம பிள்ளைங்க கொஞ்சம் கறுப்பா இருந்தா தோல்ல தெரியாது, ஈறையும் கண்ணு வெள்ளையையும் பார்க்கணும். ஆனா கண்ணால பார்த்து அளவு சொல்ல எனக்கே முடியாது, ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். பார்க்கறது எதுக்குன்னா கூட்டிட்டுப் போகத்தான், "பரவால்ல"ன்னு சொல்றதுக்கு இல்ல. வெயில்ல காட்டறது வைத்தியம் இல்ல. குளுக்கோஸ் தண்ணி குடுக்கறதும் இல்ல. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா அது எப்பவுமே அவசரம்.

#3 குமரன்77

தப்பாக நினைக்க வேண்டாம். மலேசியரா இருந்தா கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) 1 ரிங்கிட். கர்ப்பிணிக்கு அதுவும் இல்லை. மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் அங்கேயே. இதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்யணும்? போகாமல் இருப்பது நம் ஆட்களின் பிழை. அதற்கு ஒரு குழு, அதற்கு ஒரு வாட்ஸ்அப், நாளைக்கு அதில் ஒரு சண்டை. போகாதவர்களைப் போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

#4 எம்ஓ_செலாயாங்

குமரன் சொல்வதில் பாதி உண்மை. நான் ஒரு கிளினிக்கில் மருத்துவ அதிகாரி. 1950களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500க்கு மேல் தாய்மார்கள் இறந்தார்கள். இன்று அது 30ஐ ஒட்டி நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரி கட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராமக் கிளினிக்), அதில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி, அவர் வீடு வீடாகப் போவது என்று அடியிலிருந்து கட்டினார்கள். கம்போங் பீடான்களை (கிராமத்து நாட்டு மருத்துவச்சிகளை) விரட்டவில்லை. பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, மிஸ்ஸியோடு சேர்த்து வேலை செய்ய வைத்தார்கள். 1991லிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக விசாரிக்கிறார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்பதற்காக இல்லை, எந்த இடத்தில் கை நழுவியது என்று கண்டுபிடிக்க.

இப்போது மிச்சம் இருப்பதுதான் கடினமான பகுதி. ரத்தப்போக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பு, ரத்தக்கொதிப்பு, ஏற்கெனவே இருந்த இதய நோய். இவற்றில் பல, பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போன பிறகு நடக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது டாக்டர் இல்லை. மாமியார், புருஷன், எதிர் வீட்டு அக்கா.

இன்னொன்று: கிளினிக்குக்கு வருவது வேறு, புரிந்துகொண்டு போவது வேறு. பிங்க் புக் அட்டையில் ஒட்டும் வண்ணத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கணும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்பணும். சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சள் ஒட்டின ஒரு அம்மா என்னிடம், "ஏன் டாக்டர் எனக்கு மட்டும் வேற ஸ்டிக்கர்?" என்று கேட்டார். நான்கு முறை செக்-அப் வந்திருக்கிறார், யாரும் அவர் மொழியில் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிஷம். வாசுகி மாதிரி ஒருவர் கூட வந்தால் எனக்கே உதவி.

நம் பெண்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள்: அந்தச் சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்டைத் தவிர்க்கவே கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருப்பது கஷ்டம்தான், வாந்தி வரும். ஆனால் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8 (மில்லிமோல்/லிட்டர் கணக்கில்), இதைத் தொட்டாலே சர்க்கரை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். கட்டுப்படுத்தாவிட்டால் பிள்ளை பெரிதாகும், பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும்.

#5 தோட்டத்துப்_பேரன்

எங்கள் பாட்டி காலத்தில் தோட்டத்தில் டிரஸ்ஸர் (தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்) இருந்தார். அவரை முறைப்படுத்த 1965இல் ஒரு சட்டமே வந்தது. லயத்தில் யாருக்கு எத்தனை மாதம் என்று டிரஸ்ஸருக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் கிழவிக்கும் தெரியும். வசதி மோசம்தான். அந்தக் காலத்தைப் புகழ வரவில்லை, எங்கள் பாட்டியே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர். ஆனால் ஒரு பெண் ஏழு மாதம் வரை யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்க முடியாது.

தோட்டம் துண்டு போட்டு வித்தாங்க, வீட்டு நிலமா மாறிச்சு. ஜனங்க முதலில் ரூமா பாஞ்சாங் (நீள வரிசை வீடு), அப்புறம் பிளாட். லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவங்க ஒருத்தர் மூணாம் மாடி, ஒருத்தர் பதினாலாம் மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது. போனது டிரஸ்ஸர் மட்டும் இல்லை, அந்தப் பார்வையே போச்சு. வாசுகி கேட்பது அதைத்தான். என் ஆதரவு உண்டு.

#6 மதுரைப்பொண்ணு_பட்டர்வொர்த்

வாசுகி அக்கா, உங்க மாடியில இருக்கற அந்தத் திருச்சிப் பொண்ணு இடத்துல நானும் இருந்திருக்கேன். கல்யாணமாகி பட்டர்வொர்த் வந்தப்போ யாரும் சொல்லாமலே பயம். எங்க ஊர்ல கிராம சுகாதார செவிலியர் அக்கா தானா வீடு தேடி வருவாங்க. நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சாலே பேரைப் பதிஞ்சு நம்பர் வாங்கித் தந்துடுவாங்க, அது இல்லாம பிறப்புச் சான்றிதழே சிக்கல். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் தவணை தவணையா அக்கவுண்ட்ல விழும். அதனால 'அவங்க வருவாங்க'ன்னு உட்கார்ந்து பழக்கம். இங்க நாமதான் முதல்ல போய்ப் பதியணும்னு தெரியாது. அந்தப் பொண்ணு சோம்பேறி இல்ல குமரன் அண்ணே, காத்துக்கிட்டு இருக்கா.

எனக்கு உதவினது எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் (பெரியம்மா). கையைப் பிடிச்சு கவுண்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ், வீட்டுக்காரர் ஐசி (அடையாள அட்டை) எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. கட்டணம் என்னன்னு கவுண்டர்லயே நேரா கேளுங்க. தெருவுல சொல்ற கணக்கை நம்பி வீட்ல உட்காராதீங்க.

#7 செகாம்புட்_ராஜி

நான் வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். மருத்துவம் தெரியாது, தாள் தெரியும். அந்தப் பெண்ணின் விஷயத்தில் பிரசவத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது கல்யாணப் பதிவு.

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோவிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. மலேசியர் வெளிநாட்டில் கல்யாணம் செய்தால் ஆறு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. திருச்சியில் பதிந்திருந்தாலும், இங்கே ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) பதிந்தார்களா என்று கேளுங்கள். காலம் தாண்டியிருந்தாலும் போய் விசாரிக்கட்டும், சும்மா இருப்பதுதான் ஆபத்து.

இது ஏன் முக்கியம்? சட்டப்படி திருமணம் ஆகாத நிலையில் பிறக்கும் பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் தொடரும். அப்பா குடிமகனுக்கான நீல ஐசி வைத்திருந்தாலும் பிள்ளைக்குத் தானாக வராது. இந்தச் சிக்கலோடு பள்ளிக்கூடத்துக்கு வயசு வந்து நிற்கும் பிள்ளைகளை எங்கள் அலுவலகத்தில் பார்க்கிறேன். அழுகை வரும். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று இழுக்கும். பத்தியம் முடியட்டும், பெயர் பார்க்கட்டும், நாள் பார்க்கட்டும் என்று தள்ளாதீர்கள்.

#8 வன்னிமகள் (கோலாலம்பூர்)

நான் எழுதலாமோ தெரியேல்லை, ஆனா எழுதுறன். நாங்கள் இலங்கையிலயிருந்து வந்த அகதிக் குடும்பம். யூஎன் அகதி அமைப்பு தந்த கார்ட் இருக்கு. கார்ட் இருந்தா வெளிநாட்டவர் கட்டணத்தில பாதி. அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிய காசு. கார்ட் இல்லாத ஆக்களுக்கு இன்னும் பயம், ஏனெண்டா ஆவணம் இல்லாத நோயாளியள அறிவிக்கச் சொல்லி 2001இல வந்த சுற்றறிக்கை பற்றி எல்லாருக்கும் தெரியும். வயித்துப் பிள்ளைக்காரி ஆஸ்பத்திரி வாசலில நிண்டு, உள்ளுக்குப் போறதோ திரும்புறதோ எண்டு யோசிக்கிறதை நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன்.

ஊரில எங்களுக்குக் குடும்பநல மாது வீட்டுக்கு வருவா. சண்டை நேரத்திலயும் சைக்கிளில வந்தவ. இஞ்ச எனக்கு ஆர் வந்தது எண்டா, ஒரு தொண்டு அமைப்பு நடத்திற இலவச கிளினிக்கில மொழிபெயர்க்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை. அவ எனக்கு மருந்து தரேல்லை. பக்கத்தில இருந்தவ, நான் சொன்னதை டொக்டருக்குச் சொன்னவ, டொக்டர் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னவ. எனக்குத் தலையிடி எண்டு சொன்ன உடனே "கண் மங்குதோ, நெஞ்சுக்குழியில நோகுதோ" எண்டு கேட்டுப்போட்டு ஓடிப்போய் நேர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தா. பிறஷர் கூடிப்போச்சு. அண்டைக்கே ஆஸ்பத்திரியில மறிச்சுப் போட்டினம்.

வாசுகி அக்கா, நீங்கள் செய்யப் போறதை எங்களை மாதிரி ஆக்களுக்கும் சேர்த்துச் செய்யுங்கோ. ஆவணம் இருக்கோ இல்லையோ எண்டு கேட்டுப்போட்டுக் கதவைத் திறக்க வேண்டாம்.

#9 குமரன்77

வன்னிமகள் எழுதியதைப் படித்தேன். மனசு கனத்துவிட்டது. திருச்சிப் பெண்ணைப் பற்றி மதுரை தங்கச்சி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் முக்கியமான கவலை அப்படியேதான் இருக்கிறது. செவிலியர் இல்லாத ஒருவர் 'பரவால்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லி, அதை நம்பி ஒரு பெண் வீட்டிலேயே இருந்து, ஏதாவது ஆகிவிட்டால்? வாசுகி மேல் குற்றம் வரும். அந்தப் பெண்ணின் உயிருக்கு யார் பதில் சொல்வது? பயிற்சி இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. கிளினிக்கையும் எம்பியையும் அழுத்தித் தமிழ் பேசும் மிஸ்ஸியைக் கேட்பதுதான் சரியான வழி.

#10 நிபோங்திபால்_மிஸ்ஸி

தம்பி கேட்டது நியாயம். அதனால கண்டிப்பாவே சொல்றேன். வாசுகி, நீங்களும் உங்க கூட வர்றவங்களும் "ஒண்ணும் ஆகாது" அப்படிங்கற வார்த்தையச் சொல்லவே கூடாது. "போலாம் வா, நானும் வர்றேன்" இது மட்டும் உங்க வார்த்தை. மருந்து குடுக்காதீங்க, குடுத்த மருந்த நிறுத்தச் சொல்லாதீங்க. பிரசவ அறைக்கு வெளியில உங்க வேலை. வீட்ல பிரசவம் பார்க்க யாராவது கூப்பிட்டா, எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் முடியாது, 999தான்.

பத்தியத்தோட சண்டை போடாதீங்க. நான் அந்தக் காலத்துல சண்டை போட்ட வீட்ல எல்லாம் பாட்டிமாருங்க அடுத்த தடவ என்னைப் பார்த்ததும் கதவச் சாத்தினாங்க. பூண்டு, சுறாப் புட்டு, மிளகு ரசம் எல்லாம் நல்லதுதான், சாப்பிடட்டும். காய மருந்து உருண்டை, லேகியம்னா மிஸ்ஸிகிட்ட காட்டிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க, ரத்தக்கொதிப்பு மாத்திரை ரத்தம் உறையாம இருக்கற ஊசி போடறவங்க கண்டிப்பா. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்றதையும், பதினாறு நாள் எழுந்து நடக்கவே கூடாதுங்கறதையும் மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. அசையாமப் படுத்தா கால்ல ரத்தம் கட்டும், அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினா சில நிமிஷத்துல முடிஞ்சிடும். டாக்டர் தம்பி மேல சொன்னாரே, அதேதான். அறுவை சிகிச்சை ஆனவங்களுக்கும் உடம்பு கனமா இருக்கறவங்களுக்கும் இன்னும் கவனம். ஒரு காலு மட்டும் வீங்கி வலிச்சா எண்ணெய் தேச்சு உருவி விடாதீங்க. உருவவே கூடாது.

இன்னொண்ணு அந்துருண்டை. இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நம்ம வீட்ல மூத்த பிள்ளை துணி, பாட்டி சேலைத் துணி எல்லாம் பெட்டியில அந்துருண்டை போட்டு வச்சிருப்போம். புதுப் பிள்ளை வந்ததும் எடுத்துச் சுத்துவோம். பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்துல ஜி6பிடின்னு ஒரு டெஸ்ட் எடுக்கறாங்க இல்ல, அந்தக் குறைபாடு இருக்கற பிள்ளைக்கு அந்த வாடை பட்டாலே ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் மளமளன்னு ஏறும். ஆம்பளப் பிள்ளைங்களுக்கு அதிகமா வரும். பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே வீட்ல இருக்கற உருண்டை எல்லாத்தையும் எடுத்து வெளிய போடுங்க, துணிய ரெண்டு மூணு தடவ தொவச்சு வெயில்ல காய வைங்க. ஜி6பிடி முடிவு என்னன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேளுங்க, போன் வந்தா எடுங்க. தெரியாத நம்பர்னு எடுக்காம விட்டுட்டு அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டு ஓடினவங்க இருக்காங்க.

#11 எம்ஓ_செலாயாங்

மிஸ்ஸி சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பது ஒன்றுதான். 999க்குப் போன் செய்தால் அவர்கள் மலாயில் கேட்பார்கள். பதற்றத்தில் நம் ஆட்களுக்கு வார்த்தை வராது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: "பாரு பெர்சாலின், டாரா பாஞாக்" (இப்போதுதான் பிரசவம், ரத்தம் அதிகம்). "சாக்கிட் கெப்பாலா, மாத்தா காபூர்" (தலைவலி, கண் மங்கல்). "செசாக் நாபாஸ்" (மூச்சுத் திணறல்). "பாயி தாக் மாஹு மெஞுசு" (பிள்ளை பால் குடிக்கவில்லை). கூடவே புளோக், மாடி, வீட்டு எண். ஆம்புலன்ஸ் வரும்போது ஒருத்தர் கீழே கார்ட் ஹவுஸில் நிற்கணும், ஒருத்தர் லிப்ட்டைப் பிடித்து வைக்கணும். பிளாட்டில் நேரம் போவது ரோட்டில் இல்லை, அந்தக் கடைசிப் பத்து மாடியில்.

கர்ப்பிணிகளுக்கு: 28 வாரத்திலிருந்து பிள்ளை அசைவை எண்ணும் கட்டம் பிங்க் புக்கிலேயே இருக்கிறது. காலை 9 மணிக்கு ஆரம்பித்து இரவு 9க்குள் பத்து அசைவு. வரவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

குமரன் சொன்ன பயிற்சிக்கும் வழி உண்டு. கிளினிக் கெசிஹாத்தானில் பொதுமக்கள் உட்காரும் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. பல இடங்களில் அதில் ஒரு தமிழ்ப் பெண் கூட இருப்பதில்லை. 2013இல் தொடங்கிய கோஸ்பென் சமூகச் சுகாதாரத் தொண்டர் திட்டமும் உண்டு, அது பெரும்பாலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றியது. இவை வழியாகக் கிளினிக் தலைமை மிஸ்ஸியைப் பார்த்து, "எங்கள் புளோக்கில் நாங்கள் இருக்கிறோம், எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், யாரையாவது தேடினால் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பும் மிஸ்ஸிக்கு உங்கள் நம்பர் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பெண்ணின் அனுமதி இல்லாமல் அவள் உடல் விவரம் எதையும் குழுவில் போடாதீர்கள்.

#12 மதுரைப்பொண்ணு_பட்டர்வொர்த்

எல்லாம் சரி, ஒண்ணு கேக்கறேன். இதுக்குக் காசு யார் தருவா? இந்தியாவுல 2005லிருந்து ஆஷா ஊழியர்னு லட்சக்கணக்கான பெண்கள் இதே வேலையச் செய்யறாங்க. 2022ல உலக சுகாதார நிறுவனமே விருது குடுத்துச்சு. ஆனா அவங்களுக்குச் சம்பளம்னு ஒண்ணு இல்ல, ஊக்கத்தொகைதான். அதுக்காக வருஷா வருஷம் ரோட்ல உட்கார்றாங்க. பொம்பளைங்க செஞ்சா அது சேவை, ஆம்பளை செஞ்சா வேலைங்கறது எனக்குப் பிடிக்கல. வாசுகி அக்கா நாற்சரியில லீவு போட்டுட்டுப் போனா அந்த நாள் கூலி போச்சு.

#13 தோட்டத்துப்_பேரன்

தங்கச்சி கேட்டது சரிதான். கோவில் நிர்வாகமும் குடியிருப்போர் சங்கமும் கிராப் வாடகைக் கார் காசுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். திருவிழாவுக்குக் கொடுக்கிறோம், இதற்கும் கொடுக்கலாம். ஆனால் அது சம்பளம் ஆகாது. நிரந்தரமாக ஒருத்தரை வைக்க வேண்டுமென்றால் அரசாங்கம்தான் வைக்கணும், அதைக் கேட்பதை நிறுத்தக்கூடாது.

#14 புதுஅப்பா_ஈப்போரோடு

நான் கேட்க வந்தது வேறு. பொண்டாட்டிக்கு 98 நாள், எனக்கு 7 நாள் லீவு, 2023லிருந்து சட்டம். ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள். இந்த 7 நாளில் நான் என்ன செய்தால் உருப்படியாக இருக்கும்?

#15 நிபோங்திபால்_மிஸ்ஸி

தம்பி, கிளினிக்குக்குத் தகவல் சொல்றது, ஜேபிஎன்ல பதியறது, ராத்திரி பிள்ளைய ஏப்பம் விட வைக்கறது. சொந்தக்காரங்க கூட்டத்த வாசல்லயே நிறுத்தறதும் உங்க வேலைதான், இருமல் சளியோட வந்து பிள்ளையக் கொஞ்ச விடாதீங்க. பொண்டாட்டி காரணமில்லாம அழுதுகிட்டே இருந்தா, தூங்காம இருந்தா, பிள்ளையப் பார்க்கப் பிடிக்கலன்னு சொன்னா, அதையும் மிஸ்ஸிகிட்ட சொல்லணும். பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க.

#16 வாசுகி_பிளாட்

எல்லோருக்கும் நன்றி. நடந்தது என்னவென்று எழுதிவிடுகிறேன்.

திருச்சிப் பெண்ணை நானும் எதிர் வீட்டு அக்காவும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பிளாஸ்டிக் கவர் ஐடியா அருமை, கவுண்டரில் ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டவர் கட்டணம் கட்டினோம், பயந்த அளவுக்கு இல்லை. பிரசவத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஆஸ்பத்திரியில் தனியாகக் கேட்கச் சொன்னார்கள், இப்போதிருந்தே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பிங்க் புக் கிடைத்தது. ரத்தம் குறைவு, அதனால் பச்சை ஒட்டினார்கள். சர்க்கரைத் தண்ணீர் டெஸ்ட்டுக்குத் தேதி கொடுத்தார்கள். பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கருவியில் கேட்டதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புருஷன் திருமணச் சான்றிதழோடு ஜேபிஎன் போகிறார், ராஜி சொன்ன ஆறு மாதம் தாண்டிவிட்டது, என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மிஸ்ஸியிடம் எங்கள் மூன்று பேர் நம்பரும் கொடுத்தேன். தயங்காமல் வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆலோசனைக் குழு பற்றிக் கேட்டதற்கு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார். குமரன் அண்ணன் தனிமடலில் பேசினார், ராத்திரி அவசரத்துக்குத் தன் வேனைத் தருவதாகச் சொன்னார். ஆனால் எம்பிக்கு மனு எழுதுவதையும் விடக்கூடாது என்றார். எழுதிக்கொண்டிருக்கிறோம், தமிழ் பேசும் மிஸ்ஸியும் சம்பளமுள்ள ஒரு ஆளும் வேண்டும் என்று. மதுரை தங்கச்சி கேட்டது அதில் முதல் வரி. வன்னிமகள், எங்கள் புளோக்கில் ஆவணம் கேட்க மாட்டோம். அப்படி ஒருவர் வந்தால் எந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போவது என்று உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மிஸ்ஸிக்கு ஒரு கேள்வி. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அவளுக்குக் குமட்டுகிறதாம், மலம் கறுப்பாகப் போகிறதாம். நிறுத்தட்டுமா என்று கேட்கிறாள். நான் "மிஸ்ஸியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

#17 நிபோங்திபால்_மிஸ்ஸி

கறுப்பா போறது அந்த மாத்திரையாலதான், அதுக்கு நிறுத்த வேண்டியதில்ல. குமட்டினா ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி போடச் சொல்லுங்க. தே தாரிக், காப்பி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இதோட சேர்த்துப் போடாம ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும், அதுங்க இரும்பு உடம்புல ஏறவிடாம தடுக்கும். கொய்யாப்பழமோ ஆரஞ்சோ கூடச் சாப்பிட்டா நல்லா ஏறும். அப்படியும் வாந்தி நிக்கலன்னா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம கிளினிக்குல சொல்லுங்க, வேற மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. அவளுக்குத் தெரிஞ்ச பாஷையில டப்பா மேல எழுதி ஒட்டிடுங்க.